பதின்மூன்று பல் சக்கரம்

கியர் சைக்கிள் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எல்லாக் கியருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, நடுவில் இருக்கிற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள். மிச்சமெல்லாம் விருந்தாளிக்கென்று அலமாரியில் எடுத்துவைத்த கண்ணாடிக் கோப்பை மாதிரி. இருக்கிறது என்கிற திருப்தி போதும். பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாலே சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெரிய பல்சக்கரம் தேய்ந்திருந்தால் ஆள் மேட்டைக் கண்டு மலைக்கிறவர். நடுவில் இருப்பது தேய்ந்திருந்தால் சோம்பேறி. ஓரத்தில் இருக்கிற சின்னச் சக்கரங்கள் தேய்ந்திருந்தால் அவருக்கு எங்கேயோ போக அவசரம்.

என் தம்பியின் வண்டியில் சின்னச் சக்கரங்கள்தான் தேயும்.

அதிகாரி அம்மா, "செஞ்சியா இல்லையா, அதை மட்டும் எழுது" என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒற்றை வார்த்தையில் எழுதிவிடலாம். ஆனால் பொருளைக் காட்டாமல் விலையை மட்டும் சொல்கிற வியாபாரியை யாரும் நம்பமாட்டார்கள். நான் பொருளை முழுசாக விரித்துக் காட்டுகிறேன். விலையை நீங்கள் சொல்லுங்கள்.

எங்கள் அப்பாவுக்குப் பழைய சாமான் சந்தைதான் பள்ளிக்கூடம். அங்கே பேரம் பேசத் தெரியாத பிள்ளையைப் பேச்சு வராத பிள்ளை என்பார்கள். பிறகு அவர் சைக்கிள் கடை வைத்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு, அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. ஸ்பேனர் பிடிக்க அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட, வாடிக்கையாளரைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம். "முழுத் திருப்தியோட போனவன் திரும்பி வரமாட்டான்" என்பார். சாப்பாட்டுக்கே அவர் அப்படித்தான். பசி தீர்வதற்கு ஒரு வாய் முன்பே எழுந்துவிடுவார்.

அதை நான் கியருக்குப் பொருத்திக்கொண்டேன். விஷயம் எளிது. பின்சக்கரத்தின் நடுவில் பல்சக்கரங்கள் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் அடுக்கியிருக்கும், அதற்குக் கேசட் என்று பெயர். செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிட ஒரு கை தொங்கும். அந்தக் கையை இழுப்பது ஒரு கேபிள். கேபிளின் முனையில் ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மாறும். நான் அந்த இடத்துக்குக் கால் சுற்று முன்னால் நிறுத்திவிடுவேன். கொண்டுபோகும்போது நன்றாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் கேபிள் லேசாகத் தளரும், கடகட என்று சத்தம் வரும், ஆளும் வந்துவிடுவார்.

கணக்கு வாத்தியார் ஒருவர் இப்படி வருஷக்கணக்கில் வந்தார்.

"இப்பத்தானேம்மா சரி பண்ணிக் குடுத்தே? மறுபடியும் கடகடங்குதே."

"சார், வண்டிக்கு உங்க மேல பாசம். நடுரோட்டுல தள்ளிவிடாம முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லுது பாருங்க."

"அந்தப் பாசத்துக்கும் ஒரு விலை போடுவியே."

"பாசத்துக்கு யாராவது விலை போடுவாங்களா சார்? கேபிளுக்கு மட்டும்தான்."

அவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். இதை மோசடி என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. வைத்தியர்கூட மருந்தைக் கொடுத்துவிட்டு எதற்கும் அடுத்த வாரம் வந்து காட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்.

தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் பாவாடையில் கிரீஸைத் துடைத்துவிட்டு அவனுக்குப் பால் கலக்குவேன். எங்களுக்கு ஓர் அண்ணன் உண்டு. வேலை கிடைத்தது என்று கடல் தாண்டிப் போனான். "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். "போறேன்" என்று சொன்னால் அபசகுனம். முதலில் வாராவாரம் போன் வந்தது, அப்புறம் மாதாமாதம். அப்பா செத்ததற்குப் பணம் வந்தது, ஆள் வரவில்லை. அவனுடைய பிள்ளைகள் கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. டயர் வியாபாரி ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர், டயரும் நல்ல டயர். ஆனால் தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார். நான் டயரை வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தேன்.

தம்பி நடக்கிறதற்கு முன்பே சைக்கிள் ஓட்டினான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். வளர்ந்ததும் பந்தயத்துக்குப் போனான். அங்கே ஒரு பயிற்சியாளர் கிடைத்தார். எந்நேரமும் வாயில் விசிலை வைத்துக்கொண்டே பேசுகிறவர், அதனால் பையன்களுக்கு அவர் விசில்தான். அவர் தம்பியின் தொடையைத் தட்டிப் பார்த்து, சந்தையில் மாட்டைப் பார்க்கிறவர் மாதிரித் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து தம்பி வீட்டுக்கு வருவது குறைந்தது. விடிந்தால் பயிற்சி, சாயந்தரம் நண்பர்கள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் ஆச்சு என்பான். எங்கே என்று சொல்லமாட்டான்.

வண்டியில் கோளாறு என்றால் மட்டும் கடைக்கு வருவான்.

"அக்கா, கியர் தாவுதுக்கா."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்காருவான். நான் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு திருகைத் தேடுவேன். அவன் எல்லாவற்றையும் சொல்வான். யார் யாரை முந்தினார்கள், எந்தப் பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள், விசில் எப்படி விசிலையே விழுங்கப் பார்த்தார். கியர் சரியாகிற வரைக்கும் பேச்சு. சரியானதும் எழுந்து போய்விடுவான். அப்பாவின் மகள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வாளோ அதைத்தான் நானும் கற்றுக்கொண்டேன். கால் சுற்று விட்டுவைத்தேன்.

சில காலம் நன்றாகப் போயிற்று. பிறகு விசில் அவனுக்கு ஓட்டும்போதே விரலால் அந்தத் திருகைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஊரான் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பது என்பது இதுதான். தம்பி வருவது மறுபடியும் நின்றது. ஆகவே நான் கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருந்தது. கேசட்டுக்குப் பின்னால், சக்கரத்தின் மையமான ஹப்பை ஒட்டி, பிளேடு கனத்தில் ஒரு வளையம் உட்காரும். அதை எடுத்துவிட்டால் அடுக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் கியர் சரிப்படாது. கேபிளை மாற்றினார்கள். கையை மாற்றினார்கள். அந்தக் கை தொங்குகிற கொக்கி வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்தார்கள். வளையத்தை யாரும் தேடவில்லை, இல்லாத பொருளை யார் தேடுவார்? தம்பி இரண்டாவது வந்தான், மூன்றாவது வந்தான். முதலாவது வராததால் உலகத்தில் யாரும் செத்ததில்லை. வாளி மட்டும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

விசிலுக்கு என்மேல் சந்தேகம் இல்லை, நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். வேறு மெக்கானிக்கைப் பார் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். தம்பி என்ன பதில் சொன்னான் என்று அவனே வந்து சொன்னான்.

"எங்க அக்கா கை வைக்காத வண்டில நான் ஏறமாட்டேன் சார்னு சொல்லிட்டேன். மனுஷன் விசில கீழ போட்டுட்டாரு."

அப்படிச் சொன்ன பிள்ளைக்கு ஏதாவது தர வேண்டாமா? அன்றே வளையத்தை எடுத்த இடத்தில் வைத்தேன். அடுத்த பந்தயத்தில் அவன் முதலாவது வந்தான். அது நான் கொடுத்த பரிசு. கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லிக்காட்டவில்லை.

பேரத்தில் ஒரு தடவை இரக்கப்பட்டால் கடையையே எழுதிக்கொடுக்க வேண்டிவரும் என்பார்கள். அந்த ஒரு வெற்றியை வைத்துத்தான் அவனைப் பெரிய தேர்வுப் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். அதில் முதலாவது வருகிறவனை ஓர் அணி எடுத்துக்கொள்ளும். வேறு நகரம், தங்குகிற இடம் அவர்களுடையது, சமையல்காரர் அவர்களுடையவர், மெக்கானிக்கும் அவர்களுடையவர். தம்பி இதையெல்லாம் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு, "நீயும் எப்பவாவது வந்து பார்க்கலாம்க்கா" என்றான். வந்து பார்ப்பது. ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் இருக்கிறவர்களை வந்து பார்ப்பார்கள்.

தேர்வுக்கென்று விசில் தன் கைக்காசில் ஒரு புதுக் கேசட்டும் புதுச் செயினும் வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். பழையதும் முன்பு அவர் வரவழைத்ததுதான், அதே கம்பெனி, அதே அளவு, ஆனால் ஓடித் தேய்ந்தது. புதுசு வெள்ளி மாதிரி மின்னியது. எடை குறைவதற்காக இரண்டிலுமே சின்னச் சக்கரங்களின் உடம்பில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சரக்கு எந்தக் கடையிலும் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

கேசட்டில் பெரிய சக்கரங்கள் ஒன்றோடொன்று ஆணியடித்துச் சேர்ந்திருக்கும். ஓரத்தில் இருக்கிற சின்னச் சக்கரங்கள் மட்டும் தனித்தனி, ஒவ்வொன்றாகக் கோத்துப் போடலாம். அதில் பதின்மூன்று பல் உள்ள சக்கரம்தான் தம்பியுடையது. கடைசி ஓட்டத்தில், இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும்போது, அவன் அந்தச் சக்கரத்தைத்தான் எடுப்பான். அதைவிடச் சின்னதை எடுத்தால் கால் கட்டிவிடும் என்பான். இது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

தேய்ந்த பல்லின் மேல் தேய்ந்த செயின் ஒழுங்காக ஓடும். கிழவனும் கிழவியும் மாதிரி, ஒன்றின் குறைக்கு மற்றது பழகியிருக்கும். தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினைப் போட்டால் மெதுவாக மிதிக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சுழற்றினால் தெரியாது. தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தாலும் தெரியாது. மிதிக்கிறவன் தன் உயிரையெல்லாம் காலில் கொண்டுவந்து ஒரு மிதி மிதிக்கும்போதுதான் செயின் பல்லை ஏறித் தாண்டும். பழைய கேசட்டின் பதின்மூன்று பல் சக்கரத்தை நான் முந்தின ராத்திரி வண்டி கடையில் நின்றபோதே எடுத்து, அதன் இடத்தில் ஒரு வெற்று வளையத்தைக் கோத்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகு ஏற்றி வைத்திருந்தேன். புதுசின் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

காலை வெயில் கடைக்குள் வந்திருந்த நேரம். தம்பி வாளியில் உட்கார்ந்திருந்தான். பழைய அடுக்கைச் செயின் துண்டு வைத்த கம்பியால் பிடித்து, பூட்டு வளையத்தைக் கழற்றி, ஹப்பைத் துடைத்தேன். ஹப்பில் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும், அவற்றில் ஒன்று மட்டும் ஒல்லி. சக்கரங்களிலும் அதற்கு ஏற்ற ஒல்லிப் பல் ஒன்று. தவறிப்போய்க்கூட மாற்றிப் போட முடியாதபடி யோசித்துச் செய்திருக்கிறார்கள். தவறிப் போடுவதைத் தடுக்கலாம். தெரிந்து போடுவதைத் தடுக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது.

மெல்லிய வளையம், பெரிய அடுக்கு, அதன்மேல் இடைவளையம், பிறகு சின்னதுகள் ஒவ்வொன்றாக. பதின்மூன்றின் முறை வந்தபோது தம்பி ஜன்னல் பக்கம் பார்த்து யாருக்கோ கையாட்டினான். புதுசு என் மடியில் விழுந்தது, பழசு ஹப்பில் ஏறியது. அதன்மேல் மற்ற இரண்டையும் கோத்து, பூட்டு வளையத்தை விரலால் திருகிவிட்டு நிறுத்தினேன். இறுக்கவில்லை. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"டேய், போகாம இருந்தா என்னடா?"

"எங்க?"

"அந்த அணிக்கு. இங்கயே இருந்துக்கிட்டு ஓட்டேன். கடையும் உன்னுதுதானே."

அவன் சிரித்தான். "பஞ்சர் ஒட்டவாக்கா என்னை வளர்த்தே?"

"பஞ்சர் ஒட்டித்தான்டா வளர்த்தேன்."

"அதான் சொல்றேன். போதும்க்கா. எவ்வளவு நாளைக்குத்தான் என்னைச் சுமப்ப? இறக்கி வெச்சிட்டு நீயும் நிம்மதியா இரு."

சுமை என்று அவனே சொன்னான். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சாவியைப் பொருத்திப் பூட்டு வளையத்தை இறுக்கினேன். அதன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நறநறவென்று இறுகும். நல்ல சத்தம் அது. வேலை முடிந்தது என்று சொல்கிற சத்தம்.

செயினை மாட்டி ஸ்டாண்டில் சுழற்றிக்கொண்டிருந்தபோது விசில் உள்ளே வந்தார். வழக்கமாக வாசலில் நின்று கூப்பிடுகிறவர், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார்.

"மெதுவா சுத்தும்மா. ஒவ்வொண்ணா மாத்து."

மாற்றினேன். பெரியதிலிருந்து சின்னதுக்கு. டிக், டிக், டிக். பதின்மூன்றில் செயின் விழுந்ததும் அவர் கையை நீட்டிச் சக்கரத்தை நிறுத்தினார். பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். கேசட்டின் இடுக்கில் வெளிச்சத்தை விட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என் மடியில், துணிக்கு அடியில், புதுச் சக்கரம் இருந்தது. எழுந்தால் விழுந்துவிடும். அதனால் எழவில்லை.

"இது ஏன் கொஞ்சம் மங்கலாத் தெரியுது?" என்றார்.

"எண்ணெய் சார். இப்பத்தானே போட்டேன்."

விரலை நீட்டி அந்தப் பல்லைத் தடவப் போனார். தம்பி குறுக்கே வந்தான்.

"சார், எங்க அக்காவையே சந்தேகப்படுறீங்களா?"

"சந்தேகம் இல்லடா. பழக்கம்."

"உங்க பழக்கத்தை உங்க வீட்டம்மா சமையல்ல காட்டுங்க பார்ப்போம்."

விசிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை எடுத்துக்கொண்டார். வண்டியை இறக்கச் சொல்லி, தானே ஏறித் தெருக்கோடி வரை போய்வந்தார். வயசான மனிதர், எவ்வளவு மிதித்துவிடப் போகிறார்? திரும்பி வந்து என் முன்னால் நின்று, "குறை சொல்ல முடியாதும்மா, அருமையா இருக்கு. உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றார். இப்போதாவது ஒத்துக்கொண்டீர்களே என்றேன். அந்த விரலை அவர் இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் நான், அட, பழசு கலந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு மாற்றியிருப்பேன். அவர் நீட்டவில்லை. இதில் அவருடைய பங்கும் இருக்கிறது. என்றாலும் அவரை நான் குற்றம் சொல்லவில்லை.

அவன் கொஞ்சம் வேகம் இழந்து மூன்றாவது வருவான் என்றுதான் நினைத்தேன். நேற்று உங்களிடம் அப்படித்தான் சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். எழுந்து நின்று முழுப் பலத்தோடு மிதிக்கிறவனுக்குக் காலுக்கடியில் செயின் நழுவினால் என்ன ஆகும் என்று ஒரு மெக்கானிக்குக்குத் தெரியாமல் இருக்குமா? படிக்கட்டில் இல்லாத படியை மிதிப்பது போல. உடம்பு கைப்பிடிக்கு மேல் பாயும். தெரியும். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பந்தயத்தன்று நான் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பலாக வந்தார்கள். தம்பி இரண்டாவது ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அவன் கட்டைவிரல் அசைந்ததைப் பார்த்தேன். வேறு யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுந்து நின்றான். என்னைத் தாண்டும்போது அவன் முகம் எனக்குத் தெரியாத ஒருவனுடைய முகமாக இருந்தது. ஒரு மிதி தாங்கியது, இன்னொரு மிதியும் தாங்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி, சின்னச் சத்தம்தான். தம்பி கைப்பிடிக்கு மேல் போனான். பின்னால் வந்தவனுக்கு ஒதுங்க நேரம் இல்லை.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் முதலில் வண்டியைத்தான் பார்த்தேன். இடது பக்கமாக விழுந்திருந்தது. கேசட் வலது பக்கம், அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தோன்றியது. பிறகுதான் ஓடினேன்.

கழுத்தில் அடி. உயிர் இருந்தது, பேச்சு இருந்தது, கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. விசில் ஆஸ்பத்திரி வராந்தாவில் குழந்தை மாதிரி அழுதார். வண்டியை யாரும் தொடக் கூடாது, அவன் எழுந்து வந்து ஓட்டுவான் என்று சொல்லி, சைக்கிள் சங்கத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தச் சக்கரத்தை மாற்றிவைக்க எனக்கு வழி இல்லாமல் போனது அப்படித்தான்.

கொஞ்ச நாளில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நடுக்கதவை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டேன். கதவு திறந்தேதான் இருக்கும், வேலை செய்துகொண்டே பேசலாம். அதிகாரி அம்மா, உண்மையைச் சொன்னால் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனால் அது நல்ல காலம். நண்பர்கள் முதலில் கூட்டமாக வந்தார்கள், அப்புறம் ஒருவர் இருவராக, அப்புறம் போன். எனக்குத் தெரிந்த கதைதான். தெருவில் எல்லோரும் "அக்கான்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். கணக்கு வாத்தியார் பேரமே பேசாமல் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

நான் மாட்டிக்கொண்டது என் புத்தியால் இல்லை, ரத்தத்தால். விசில் ஒரு நாள் தன் சொந்த வண்டியைக் கொண்டுவந்தார். அவரும் பதின்மூன்றில் ஓட்டுகிறவர். அந்தச் சக்கரம் தேய்ந்து செயின் தாவியது. என் டப்பாவில் புதுசு ஒன்று சும்மா கிடந்தது. விற்காத சரக்கைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம், கிணற்றில் போட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். நான் அதை அவர் வண்டியில் மாட்டி, காசும் வாங்கிக்கொண்டேன். நியாயமான விலைதான்.

அவர் வீட்டில் வண்டியைத் துடைக்கும்போது பார்த்திருக்கிறார். மற்றதெல்லாம் கறுத்த இரும்பு, நடுவில் ஒன்று மட்டும் வெள்ளி மாதிரி, உடம்பெல்லாம் பொடித் துளை. மறுநாள் கடை வாசலில் வந்து நின்றார். விசில் வாயில் இல்லை.

"இந்தப் பல் எங்கம்மா கிடைச்சது?"

"கடையில கிடந்தது சார்."

"உன் கடையில எப்படிக் கிடக்கும்? நான் வரவழைச்ச சரக்கு இது. முழு செட்டாதான் குடுத்தேன்."

உள்ளே தம்பி, "யாருக்கா, சாரா? உள்ள வரச் சொல்லுக்கா" என்றான். அவர் வரவில்லை. பூட்டிய அறையைத் திறக்கப் போனார். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, செய்தேன். யாரும் தூண்டவில்லை. கோபத்தில் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் தம்பியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் காவலர் சொன்னார். அங்கே அவனைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சில விஷயம் தெரியாது. அதை மட்டும் எழுதிவிடுகிறேன், இந்தத் தாளை அவர்களிடம் காட்டுங்கள்.

தண்ணீரைக் கரண்டியால் கொடுக்க வேண்டும், ஓரமாக. முதுகைப் புரட்டும்போது தலையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். கண்ணில் வெயில் படக் கூடாது, சொல்லமாட்டான், பொறுத்துக்கொள்வான். காலையில் எழுந்ததும் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழுத்துப் பட்டையால் அவனால் குனிந்து பார்க்க முடியாது. உடம்பில் தொடு உணர்ச்சியும் இல்லை. அதனால் என்னைக் கூப்பிட்டு, "இப்ப பாருக்கா, முயற்சி பண்றேன், நல்லாப் பாரு" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வியர்க்க முயல்வான். "ஏதாவது அசைஞ்சுதாக்கா?" என்று கேட்பான்.

வலது கையில் இரண்டு விரல் அசையும். முதலில் லேசாகத்தான் இருந்தது, பிறகு போர்வையைப் பிடிக்கிற அளவுக்கு வந்தது. அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே ஓடிவந்து சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் விட்டுவிட்டால் பிறகு வராது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணையும் நான் நிறுத்திவிட்டேன், அவள் கை முரட்டுக் கை. "இல்லடா ராசா, ஒண்ணும் அசையலை" என்று சொல்லிவிட்டு அந்தக் கையின்மேல் போர்வையை இழுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் அழுவான். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்வான்.

இப்போது அது நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை அசைந்தால், தயவுசெய்து அவனிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அங்கே சொல்லுங்கள். அவனுக்கு ஏமாற்றத்தைத் தாங்குகிற மனசு கிடையாது. அவனை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும்.